கிலோமீட்டரை நம்பலாம், மணிக்கணக்கை நம்ப வேண்டாம்

இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்தால், அவற்றுக்கு இடையே விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லும் இலவச இணையதளங்கள் ஏராளமாக இருக்கின்றன. மற்றவர்களின் வெளிநாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்வது என் வேலை. வேலை முடிந்த பிறகும் உறவினர்களும் நண்பர்களும் அதே உதவியைக் கேட்டு வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் இந்தத் தளங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கணக்கை மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால் இவற்றை நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை தரும் தூரம் நல்ல தூரம். இவை தரும் நேரம் எதற்கும் உதவாத நேரம். இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு போட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கோபம் தருகிறது.

நல்லதை முதலில் பேசலாம். பூமி உருண்டை என்பதால் அதன் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதை, பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு பெருவட்டத்தின் பகுதியாக அமையும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரு ஊர்களின் மேலும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே அந்தப் பாதையில் படியும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தில் இதே பாதை மேல் நோக்கி வளைந்து, ஏதோ சுற்றுவழி போலத் தெரியும். அது வரைபடத்தின் குறை. 1569இல் மெர்கேட்டர் வகுத்த அந்த வரைபட முறை கப்பல்காரர்கள் திசை பார்ப்பதற்காக உருவானது. துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை அகட்டிக் காட்டும். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வழி வட துருவத்துக்குப் பக்கத்தில் போகிறது என்று சொன்னால் இன்றும் பலர் நம்ப மறுக்கிறார்கள். நூலை வைத்துக் காட்டிய பிறகுதான் நம்புகிறார்கள்.

இந்தத் தூரத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சீரான கோளமாக எடுத்துக்கொண்டு ஹாவர்சைன் சூத்திரத்தில் போடுவது எளிய வழி. பூமியோ உண்மையில் துருவங்களில் சற்றே தட்டையானது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறையைத் தாடியஸ் வின்சென்டி 1975இல் வெளியிட்டார். எளிய வழியில் வரும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது. 12,000 கிலோமீட்டர் பயணத்தில் அதிகம் போனால் 60 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு அது நான்கு நிமிடம். ஆகவே எந்தத் தளம் எந்த முறையில் போட்டது என்று பயணம் செய்பவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தூரத்துக்கு மட்டும் என்றால் நான் எல்லோருக்கும் சொல்வது கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தை. கார்ல் ஸ்வார்ட்ஸ் என்பவர் உருவாக்கியது. பார்க்க மிகவும் பழைய தோற்றம். முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அது ஊர்ப் பெயரைவிட விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை நம்பி வேலை செய்கிறது. இரண்டு குறியீடுகளுக்கு நடுவே ஒரு சிறு கோடு போட்டுக் கொடுத்தால் வளைந்த பாதையை வரைபடத்தில் வரைந்து, தூரத்தையும், புறப்படும்போது எந்தத் திசை நோக்கிப் போக வேண்டும் என்பதையும் காட்டும். மைல், கடல் மைல், கிலோமீட்டர் எதில் வேண்டுமோ அதில் பார்க்கலாம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், தரை மைல் சுமார் 1,609 மீட்டர். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, விமானம் சொன்னதைவிட அதிகம் சுற்றிவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தளம் பறக்கும் நேரத்தைத் தானாகச் சொல்ல முன்வருவதில்லை. அந்த அடக்கத்துக்காகவே அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

குறியீட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நகரப் பெயரை மட்டும் கேட்கும் தளங்கள் பெரும்பாலும் நகரின் மையப் புள்ளியிலிருந்து அளக்கின்றன. விமானம் நகர மையத்தில் இறங்குவதில்லை. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்நகரின் இன்னொரு விமான நிலையமான ஹானெடா மிகவும் பக்கம். வானத்தில் இந்த வித்தியாசம் ஒன்றும் இல்லை. தரையில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல். அதைவிட மோசமானது பெயர்க் குழப்பம். சிட்னி என்றால் ஆஸ்திரேலியாவிலும் உண்டு, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குப் போவதாக நினைத்து கனடாவில் போய் இறங்கியவர்களைப் பற்றிய செய்திகள் ஒரு முறைக்கு மேல் வந்திருக்கின்றன. ஹைதராபாத் இந்தியாவிலும் இருக்கிறது, பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும் இருக்கிறது. சான் ஹோசே கலிஃபோர்னியாவிலும் கோஸ்டா ரிக்காவிலும் இருக்கிறது. சில தளங்கள் எந்த ஊர் என்று கேட்காமலேயே ஒன்றைத் தேர்ந்துகொண்டு விடை சொல்லிவிடுகின்றன.

இனி நேரத்துக்கு வருகிறேன். பெரும்பாலான தளங்கள் செய்வது இவ்வளவுதான்: தூரத்தை ஒரே மாறாத வேகத்தால் வகுப்பது, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைக் கூட்டுவது. அந்த வேகம் ஒரு தளத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர், இன்னொன்றில் 900. நீண்ட தூர ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில், அந்த உயரத்தின் குளிரில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டரில் பறக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அது காற்றுக்குள் அவை செல்லும் வேகம். அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் நீரோட்டத்தோடு போகும் படகும் எதிர்த்து வரும் படகும் ஒரே நேரத்தில் கரை சேருமா? இந்தத் தளங்களின் கணக்கில் சேரும்.

எந்தத் தளத்தையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பிறகு லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரம் வந்தால் அந்தத் தளத்தின் மணிக்கணக்கை அப்படியே ஒதுக்கிவிடலாம். கென்னடி, ஹீத்ரோ விமான நிலையங்களுக்கு இடையே தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி வரும்போது ஏறக்குறைய ஏழு மணி நேரம், மேற்கு நோக்கிப் போகும்போது எட்டு மணி நேரம் என்றுதான் விமான நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. 2020 பிப்ரவரியில், சியாரா என்ற புயல் வீசிய நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைக் கடக்கவில்லை. சுற்றியிருந்த காற்றும் அதோடு சேர்ந்து ஓடியது, அவ்வளவுதான்.

அந்தக் காற்றுதான் ஜெட் காற்றோட்டம். ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது, குளிர்காலத்தில் வலுப்பது. 1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓஇஷி வாசபுரோ பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். தாம் கண்டதை உலகம் படிக்க வேண்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார்; அதனாலேயே பலர் படிக்காமல் போனார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இணையதளங்கள் அவர் அளந்த காற்றைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அட்லாண்டிக் கடலின் மேல் விமானங்கள் செல்லும் தடங்களை கனடாவின் கேண்டர் விமானக் கட்டுப்பாட்டு மையமும் பிரிட்டன், அயர்லாந்து பக்கத்தின் ஷான்விக் மையமும் காற்றைப் பார்த்து நாளுக்கு இரண்டு முறை புதிதாக வகுக்கின்றன. நேற்றைய தடம் இன்றைக்கு இல்லை. அப்படிப்பட்ட வானத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே விடை எப்படிப் பொருந்தும்?

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் எடுத்துக்காட்டு டெல்லி - சான் பிரான்சிஸ்கோ. பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். கணக்குத் தளத்தில் போட்டால் 14 மணி நேரத்தை ஒட்டி ஒரு விடை வரும். 2016 அக்டோபர் வரை ஏர் இந்தியா இந்த வழியில் மேற்கு நோக்கி, அட்லாண்டிக் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அந்த வழி சுமார் 13,900 கிலோமீட்டர். அந்த மாதத்தில் வழியை மாற்றி, கிழக்கு நோக்கி, சீனா, ஜப்பான் வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து போனார்கள். அந்த வழி 15,300 கிலோமீட்டர். பழையதைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். பயண நேரமோ பதினாலரை மணி. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். தூரம் கூடியது, நேரம் குறைந்தது. 15,300ஐப் பதினாலரையால் வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பழைய வழியில் அது 850ஐக்கூடத் தொடவில்லை. விமானம் அதே வகை. மாறியது காற்றின் திசை மட்டும். மேற்கே போகும்போது எதிர்காற்று முகத்தில் அடிக்கிறது. கிழக்கே போகும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பி வரும்போது அட்லாண்டிக் வழியாக வந்தார்கள். அதுவும் கிழக்கு நோக்கித்தான். போக வர இரண்டு பயணத்திலும் காற்று முதுகுப் பக்கம் இருந்தது, விமானம் உலகையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. தூரத்தை வேகத்தால் வகுக்கும் எந்தத் தளத்தாலும் இந்த விடையைத் தர முடியாது. தூரம் அதிகமானால் நேரமும் அதிகமாகும் என்ற ஒன்றைத்தான் அந்தச் சூத்திரம் அறியும்.

துருவப் பக்கம் போகும் குறுகிய வழியிலும் பறந்திருக்கிறார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேல் பறந்த ஏர் இந்தியா விமானத்தைக் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டி வந்தார்கள். இரு ஊர்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

காற்றுக்கு அடுத்தது நாடுகளின் வான்வெளி. இதில் கணக்குத் தளங்கள் இன்னும் பின்தங்கி இருக்கின்றன. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் 7,800 கிலோமீட்டர் அளவில் வரும். ரஷ்யாவின் மேல் பறந்த காலத்தில் ஃபின்ஏர் விமானங்கள் ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த மாதமே ஃபின்ஏர் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கியது; பயணம் 13 மணி நேரமாகியது. கணக்குத் தளத்தில் போட்டுப் பாருங்கள், இப்போதும் ஒன்பது மணி நேரக் கணக்கே வரும். ஊர்கள் நகரவில்லை என்பதால் சூத்திரத்துக்கு எதுவும் மாறவில்லை. பாகிஸ்தான் வான்வெளி 2019 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டு ஜூலை நடுவில் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அது மீண்டும் மூடப்பட்டது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா செல்லும் விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்கிச் செல்லும் நிலை வந்தது. நேரடி விமானம் என்று நினைத்துப் புறப்படும் வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அவர்களோடு பேசிப் பார்த்தால் தெரியும்.

இரண்டு இயந்திரம் உள்ள விமானத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருக்கிறது. ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துக் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும். ஒரு காலத்தில் இது 60 நிமிடமாக இருந்தது. 1985இல் 120 ஆனது. 2014இல் ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. தெற்குப் பெருங்கடலின் மேல், ஜோஹன்னஸ்பர்க் - சிட்னி போன்ற வழிகளில், இந்தக் கட்டுப்பாடு பாதையையே வளைத்துவிடும். கிரேட் சர்க்கிள் மேப்பரில் இந்த எல்லைகளையும் வரைந்து பார்க்கும் வசதி இருக்கிறது. வேறு இலவசத் தளம் எதிலும் இதை நான் கண்டதில்லை.

அட்டவணை நேரம் என்பதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. விமான நிறுவனம் டிக்கெட்டில் போடும் நேரம் காற்றில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிறுத்தியிருந்த இடத்தைவிட்டு விமானம் நகர்ந்த கணத்திலிருந்து, சேருமிடத்தில் போய் நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்குவதற்கு முன் வானத்தில் வட்டமிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். பெரிய விமான நிலையங்களில் இவை மட்டுமே முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிடும். கணக்குத் தளத்தின் அரை மணி நேரக் கூட்டலில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

இதெல்லாம் ஆர்வக்காரர்களின் கவலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய தாயாருக்கு நுரையீரல் நோய். மின்கலத்தில் ஓடும் சிறிய ஆக்சிஜன் கருவியோடுதான் அவர் பயணம் செய்ய முடியும். அப்படிப்பட்ட பயணிகளிடம், பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரத்துக்குப் போதுமான மின்கலங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று விமான நிறுவனங்கள் கேட்கலாம். அமெரிக்க விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. மகன் ஒரு கணக்குத் தளத்தைப் பார்த்தார். 14 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஒன்றரை மடங்கு 21 மணி நேரம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற மின்கலங்களை ஏற்பாடு செய்துவிட்டார். பட்டியலை என்னிடம் காட்டியபோது, “அண்ணா, இந்த நேரத்தை யார் சொன்னது?” என்று கேட்டேன். விமான நிறுவனத்திடம் அதிகபட்சப் பறப்பு நேரத்தைக் கேட்கச் சொன்னேன். அவர்கள் 16 மணி நேரம் என்றார்கள். ஒன்றரை மடங்கு 24 மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கான மின்சாரம் குறைந்திருந்தது. இன்னொரு மின்கலம் வாங்கிய பிறகுதான் அம்மா புறப்பட்டார். அன்று முதல் நேரக் கணக்கை அலட்சியமாகப் போடும் எந்தத் தளத்தையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும், கைக்குழந்தைக்குப் பால் கணக்கிட்டு எடுத்துப் போகும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும்.

உள்ளூர் நேரத்தைச் சொல்வதிலும் இவற்றின் தரம் ஒரே மாதிரி இல்லை. நேர மண்டலங்களைச் சரியாகக் கையாளும் தளங்கள் சில உண்டு. சில தளங்கள் கோடைக்கால நேர மாற்றத்தில் தடுமாறுகின்றன. அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகிறது. ஐரோப்பா அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மணியிலிருந்து நான்காகக் குறைகிறது. அந்த நாட்களின் தேதியைக் கொடுத்து ஒரு தளத்தைச் சோதித்துப் பாருங்கள், தரம் தெரிந்துவிடும். தாண்டினால் நாட்காட்டியில் ஒரு நாள் மாறிவிடும் சர்வதேசத் தேதிக் கோடு இன்னும் நல்ல சோதனை. சமோவா தீவு நாடு 2011 டிசம்பர் 30ஆம் தேதியை நாட்காட்டியிலிருந்தே எடுத்துவிட்டுக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. இன்று அங்கிருந்து பக்கத்து அமெரிக்க சமோவாவுக்குச் செல்லும் விமானம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பறந்து, முந்தைய நாளில் போய் இறங்குகிறது. நான் பார்த்த தளங்களில் ஒன்று இந்தப் பயணத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் காட்டியது.

அப்படியானால் நேரத்தை எங்கே பார்ப்பது? முதலில் அந்த வழியில் பறக்கும் விமான நிறுவனத்தின் அட்டவணையை, பயணம் செய்யப்போகும் மாதத்துக்குப் பார்க்கிறேன். கோடை அட்டவணைக்கும் குளிர்கால அட்டவணைக்கும் வித்தியாசம் இருக்கும். பிறகு ஃப்ளைட்ரேடார்24 தளத்துக்குப் போகிறேன். 2006இல் ஸ்வீடனில் தொடங்கியது. விமானங்கள் தாமே ஒலிபரப்பும் இருப்பிடச் சமிக்ஞைகளைத் தரையில் உள்ள கருவிகளால் வாங்கி வரைபடத்தில் காட்டுகிறது. விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது, எந்த வழியாகப் போனது என்று கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். கடலின் நடுவே சமிக்ஞை எட்டாத இடங்களில் அது காட்டும் பாதை மதிப்பீடுதான். அதைத் தளமே வேறு விதமாக வரைந்து காட்டிவிடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வாரப் பயணங்களைப் பார்த்தாலே, அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று பிடிபட்டுவிடும். இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதிகபட்சத்தை மட்டும் சொல்கிறேன்.

இதில் ஒரு குறை சொல்வார்கள்: அந்த வழியில் நேரடி விமானமே இல்லாவிட்டால் பழைய பயணங்கள் எங்கிருந்து கிடைக்கும் என்று. நியாயமான கேள்வி. அப்போது தூரத்தைக் கிரேட் சர்க்கிள் மேப்பரில் எடுத்துக்கொண்டு, அதே அளவு தூரமும் அதே திசையும் உள்ள வேறொரு வழியின் உண்மை நேரத்தோடு ஒப்பிடுகிறேன். சிங்கப்பூர் - நியூயார்க் 15,349 கிலோமீட்டர். 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம், அட்டவணையிலோ 18 மணி நேரத்துக்கு மேல். பெர்த் - லண்டன் சுமார் 14,500 கிலோமீட்டர்; வகுத்தால் 16 மணி நேரம், அட்டவணையில் 17க்கு மேல். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால் புதிய வழிக்கும் ஓரளவு சரியாக மதிப்பிட முடிகிறது. மேற்கு நோக்கிய பயணமாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்கிறேன்.

மதிப்பெண் என்று கேட்டால், கிரேட் சர்க்கிள் மேப்பருக்கு ஐந்துக்கு ஐந்து. ஃப்ளைட்ரேடார்24க்கு நான்கரை, அதிகப் பழைய பயணங்களைப் பார்க்கக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் அரை மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத அந்த எண்ணற்ற கணக்குத் தளங்களுக்குத் தூரத்தில் நான்கு, நேரத்தில் ஒன்று. அந்த ஒன்றும் 1,500 கிலோமீட்டருக்குள் இருக்கும் பயணங்களுக்காக மட்டும் தருகிறேன். குறுகிய பயணங்களில் அவை சொல்லும் நேரம் பெரிதாகத் தவறுவதில்லை.

அந்தத் தளங்களை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு ஒரு நேரம் என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். எந்த மாதத்துக்கான கணக்கு என்று எழுதுங்கள். மூடியிருக்கும் வான்வெளிகளை நீக்கிவிட்டுப் பாதையை வரையுங்கள். இவற்றைச் செய்ய முடியாவிட்டால் மணிக்கணக்கு வரியை நீக்கிவிட்டுக் கிலோமீட்டரை மட்டும் காட்டுங்கள்.